நடுவயதும் இல்லற உறவும்

மாதவிடாய் நின்றதும் பெண்ணின் இல்லற இன்பமும் முடிந்துவிடுகிறது என்பது பலர் மனத்தில் வேரூன்றிய எண்ணம். ஐம்பதை எட்டிய மனைவி கணவனை விட்டு விலகியிருப்பின், "வயதாகிவிட்டது" என்ற ஒரு சொல்லோடு பேச்சு நின்றுவிடும். அச்சொல் எவ்வளவு தூரம் உண்மை?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1996ஆம் ஆண்டளவில் தொடங்கிய பெண்கள் உடல்நல ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. 42 முதல் 52 வயது வரையுள்ள 3,302 பெண்கள் அதிற் சேர்க்கப்பட்டனர். வெள்ளையர், கறுப்பர், இஸ்பானிய மரபினர், சீனர், யப்பானியர் எனப் பல இனத்தவரும் அவருள் இருந்தனர். அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து வினாவிப் பெற்ற முடிவுகள் 2009இல் வெளிவந்தன. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வேட்கை குறைகிறது. கூடலின்போது நோவு மிகுகிறது. ஆயின், உறவு எத்தனை முறை நிகழ்கிறது என்பதையும், அதில் எய்தும் இன்பத்தையும் அப்பருவமாற்றம் மட்டும் தீர்மானிக்கவில்லை.

அவ்வாறாயின், தீர்மானிப்பவை யாவை? துணைவர் உண்டா என்பது முதலாவது. கணவனை இழந்தோரும் பிரிந்தோரும் நடுவயதிற் பலர். பெண்ணின் உடல்நலம், மனச்சோர்வு, அதற்கென உண்ணும் சில மருந்துகள், முதுமையைப் பற்றி அவள் கொண்ட எண்ணம், கணவனோடுள்ள மனவொற்றுமை ஆகியனவும் காரணங்களாம். கணவனின் முதுமையையும் மறத்தலாகாது. மணவாழ்வில் உறவு குறைவதற்கு ஆணின் முதுமையே பெருங்காரணம் என்று அமெரிக்க அறிஞர் கின்சி 1953ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

நோவுக்குக் காரணம் தெளிவானது. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்திரோசன் குறையவே, யோனியின் உட்சுவர் மெலிந்து உலர்கிறது. உடல் திடீரெனச் சூடேறி வியர்க்கும் தொல்லை நாளடைவில் தணிவதுண்டு. இவ்வுலர்வோ பெரும்பாலும் தானாக நீங்குவதில்லை. எனினும் இதற்குப் பரிகாரம் உண்டு. வழுவழுப்பூட்டும் களிம்புகள் உள்ளன. வைத்தியரின் ஆலோசனைப்படி அவ்விடத்திற் பூசும் ஈஸ்திரோசன் மருந்தும் உள்ளது.

பரிகாரம் இருந்தும் பலர் அதை நாடாமைக்கு நாணமே காரணம். மனைவி நோவை மறைக்கிறாள். கணவன் அதனை வெறுப்பென்று கருதுகிறான். இருவரும் ஒரே கூரையின்கீழ் அந்நியராகின்றனர். ஒருவரோடொருவர் மனந்திறந்து பேசுவதும், வைத்தியரிடம் தயங்காது சொல்வதும் அத்துயரைத் தவிர்க்கும். விருப்பமின்றி உறவை விடுத்தோர் குறையுடையோர் அல்லர். விருப்பமிருந்தும் நோவால் விடுத்தோர் "வயதாகிவிட்டது" என்று வாளா இருக்க வேண்டியதில்லை.