டிரெய்லர் விளக்கும் பாட்டரிப் பாதுகாப்பும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



காளைக்குப் பசி எடுத்தால் அதன் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. இன்று காளை வண்டியின் இடத்தை டிராக்டரும் டிரெய்லரும் பெற்றுவிட்டன. ஆனால் அந்த டிராக்டரில் இருக்கும் பாட்டரிக்குப் பசி எடுத்தால், அது வெளியே தெரிவதில்லை. ஆகவேதான் பலரும் அதைக் கவனிப்பதில்லை. இந்தப் பாட்டரியைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

நெல்லை ஏற்றிக்கொண்டு நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குச் செல்கிறோம். கரும்பை ஏற்றிக்கொண்டு ஆலைக்குச் செல்கிறோம். முறை வருவதற்குள் இரவாகிவிடுவது உண்டு. அந்த இரவுக்கு டிரெய்லரே நமக்கு வீடு. ஒரு விளக்கும், ஒரு சிறு விசிறியும், செல்பேசிக்குச் சிறிது மின்சாரமும் தேவைப்படுகின்றன. இவற்றையெல்லாம் டிராக்டரின் பாட்டரியிலிருந்தே எடுத்துக்கொண்டால், பொழுது விடியும்போது இஞ்சின் கிளம்ப மறுக்கும். அது மட்டுமா? சாலையோரத்து வரிசையில் நிற்கும் டிரெய்லரின் பின்விளக்கு அணைந்துபோனால், பின்னால் வரும் லாரிக்காரரின் கண்ணுக்கு அது புலப்படாது. ஒரு பாட்டரியின் குறை ஓர் உயிருக்கே உலை வைத்துவிடும்.

இரு வகைப் பாட்டரிகள்

ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி மின்சாரத்தைச் சேமிக்கும் முறையை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்தார். டிராக்டரிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் நாம் பெரும்பாலும் காண்பது அந்த வகைதான். 12 வோல்ட் பாட்டரியினுள் ஆறு அறைகள் உண்டு. அறை ஒன்று ஏறக்குறைய 2 வோல்ட் தருகிறது.

இவ்வகையிலும் இரு பிரிவுகள் உண்டு. டிராக்டரின் பாட்டரி இஞ்சினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. அதில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். சில விநாடிகளுக்கு மிகுந்த மின்சாரத்தை அள்ளித் தரும். பிறகு ஓடும் இஞ்சினே அதை நிரப்பிவிடும். இன்வெர்ட்டர் பாட்டரியோ தடித்த தகடுகளைக் கொண்டது. அது பல மணி நேரம் சிறிது சிறிதாகத் தரவல்லது. முன்னதைக் கொண்டு இரவெல்லாம் விளக்கெரிப்பது, பந்தயக் குதிரையை ஏரில் பூட்டுவதற்கு ஒப்பாகும். சில தடவை அடியோடு வற்றினாலே அதன் ஆயுள் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகையால் டிரெய்லரில் இரவு தங்குவோர் அதற்கென்று தனிப் பாட்டரி ஒன்றை வைத்துக்கொள்வதே சிக்கனம்.

வரவும் செலவும்

பாட்டரியின் மேல் 'ஆம்பியர்-மணி' என்று ஓர் அளவு எழுதியிருக்கும். அதுவே களஞ்சியத்தின் கொள்ளளவு. 80 ஆம்பியர்-மணி டிராக்டர் பாட்டரியில், 55 வாட் முன்விளக்கு இரண்டை இஞ்சின் ஓடாமல் எரியவிட்டால், மணிக்கு 9 ஆம்பியர்-மணிக்கு மேல் செலவாகும். நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிடும். அதற்கு மாறாக, 100 ஆம்பியர்-மணி கொண்ட தனிப் பாட்டரியில் 10 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டும், 15 வாட் சிறு விசிறி ஒன்றும் பத்து மணி நேரம் ஓடினாலும் 30 ஆம்பியர்-மணி அளவே செலவாகும்.

விதை நெல்லை எடுத்து உண்ணலாகாது என்பது நாம் அறிந்த நெறி. பாட்டரியிலும் பாதியை விதை நெல்லாகக் கருத வேண்டும். இணைப்புகளைக் கழற்றிச் சில மணி நேரம் ஓய்வாக விட்டபின் வோல்ட் மீட்டரால் அளந்தால், நிறைந்த பாட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் அளவுக்கு வந்துவிட்டால் பாதிதான் மிச்சம் என்று கொள்க. உடனே சார்ஜ் செய்ய வேண்டும். வற்றிய நிலையில் நாட்கணக்கில் விட்டுவைத்தால் தகடுகளின்மீது ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு திரும்பாது.

சார்ஜ் செய்யும் முறை

கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே பொதுவாக ஏற்றது. அதாவது 100 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 10 ஆம்பியர். பாதி வற்றியது நிறைய ஏறக்குறைய 6 முதல் 8 மணி நேரம் ஆகும். நிறைந்ததும் தானே தணிந்துகொள்ளும் சார்ஜரையே வாங்குங்கள். மின்னோட்டம் மட்டுமீறினால் பாட்டரி சூடேறும், நீர் வற்றும், தகடு உதிரும். லித்தியம் பாட்டரி வைத்திருப்போர் அதற்கென்று செய்யப்பட்ட சார்ஜரையே பயன்படுத்த வேண்டும்.

இனி, மிக முக்கியமான ஒன்றைக் கூறுகிறோம். சார்ஜ் நிறையும் தறுவாயில் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே அது தீப்பற்றும் நிலையை அடைகிறது. ஒரு பொறி போதும். பாட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். ஆகையால் பின்வருவனவற்றை வழக்கமாகக் கொள்ளுங்கள்:

1. காற்றோட்டமான இடத்திலேயே சார்ஜ் செய்க. படுக்கையறையும், மூடிய டிரெய்லர் கூண்டும், மாடிப்படியின் கீழுள்ள அடைத்த அறையும் இதற்கு ஆகா. சாமி விளக்கு, அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் அருகில் இருக்கலாகாது.

2. முதலில் கவ்விகளைப் பொருத்திவிட்டுப் பிறகு சார்ஜரின் சுவிட்சைப் போடுக. கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைத்துவிட்டே கவ்விகளை எடுக்க வேண்டும்.

3. டிராக்டரிலிருந்து பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை, அதாவது மைனஸ் கம்பியை, முதலில் எடுக்க வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். அப்போதுதான் ஸ்பேனர் இரும்புச் சட்டத்தில் பட்டாலும் பொறி எழாது.

4. கை மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்க. 12 வோல்ட் நம்மை 'ஷாக்' அடிக்காதுதான். ஆனால் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டு சேர்த்துவிட்டால், அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

5. டிரெய்லர் பாட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். மூட்டைகளின் அடியில் நசுங்கிய கம்பி தீயை மூட்டாமல் காப்பது அதுவே. ஃபியூஸ் போய்விட்டால் காரணத்தைக் கண்டறியாமல் செப்புக் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றலாகாது.

6. ஓட்டத்தில் சாய்ந்துவிடாதபடி பாட்டரியை இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும்.

நீரும் அமிலமும்

மூடி திறக்கும் பாட்டரிகளில் மாதம் ஒரு முறை நீர்மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் வடித்த நீரை மட்டுமே விட வேண்டும். கடையில் 'டிஸ்டில்டு வாட்டர்' என்று கேட்டால் கிடைக்கும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். வற்றிப்போவது தண்ணீரேயன்றி அமிலம் அன்று. ஆகையால் ஆசிட் ஊற்றலாகாது. தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் விட்டுச் சார்ஜ் செய்து, சார்ஜ் முடிந்த பிறகே முழு மட்டத்துக்கு நிரப்புங்கள்.

இவ்வேலையின்போது கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் அவசியம். அமிலம் கண்ணில் பட்டால் ஒரு கணமும் தாமதியாமல் சுத்தமான நீரால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணில் வேறு எந்த மருந்தையும் வீட்டில் இடவேண்டாம். தரையில் சிந்திய அமிலத்தின்மீது சமையல் சோடாவைத் தூவிக் கழுவிவிடலாம்.

வெயிலையும் மறக்கலாகாது. பாட்டரி தொடர்ந்து இருக்கும் சூடு 10 டிகிரி செல்ஷியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தகரக் கொட்டகையின் உச்சி வெயிலில் அதை வைக்காமல் நிழலில் வைப்போமாக. உழவு வேலை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றி வையுங்கள்.

பஞ்சாயத்தின் கடமை

ஆயுள் முடிந்த பாட்டரியை உடைத்து ஈயம் உருக்குவோரும், அதன் அமிலத்தை வாய்க்காலில் கொட்டுவோரும் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. இந்திய அரசு 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. ஆகவே புதியது வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். அதற்கு விலையும் கிடைக்கும்.

உறுப்பினர்களே! உங்கள் ஊரில் பாட்டரி உருக்கும் இடம் இருந்தால் அதைத் தடுத்து நிறுத்த முன்வாருங்கள். பஞ்சாயத்துக் கட்டடத்து இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போட்டு, நீர் விட்ட தேதியையும் வோல்ட் அளவையும் மாதந்தோறும் எழுதி வாருங்கள். ஊரார் அதைக் கண்டு தம் வீட்டிலும் கடைப்பிடிப்பர்.

பாதிக்கு மேல் வற்றவிடாமை, காற்றோட்டத்தில் சார்ஜ் செய்தல், கண்ணைக் காத்தல் ஆகிய மூன்றையும் மட்டுமேனும் இன்றே இல்லம் கொண்டு செல்லுங்கள். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை; கருத்து ஒன்றே வேண்டும். உழைத்துச் சேர்த்த பொருளையும் உழைக்கும் உடலையும் ஒருங்கே காப்போமாக.