முதியோர் இல்லமும் மனிதத் தன்மையும்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், முதியோர் இல்லங்களில் இருக்கிறவர்களுடைய பொழுது எப்படிப் போகிறது, எப்படிப் போக வேண்டும் என்பதாகும். இது என்ன பிரமாதம், சோறும் மருந்தும் படுக்கையும் கிடைத்தால் போதாதா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மாட்டுக் கொட்டகைக்கு அது போதும்; மனிதர் இருக்குமிடத்துக்குப் போதாது என்பதே நமது வாதம்.

இந்த இல்லங்களுக்கு நம் ஜனங்கள் எப்படி உதவி செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவருக்குப் பிறந்த நாள். மற்றொருவருக்குத் தகப்பனார் திதி. உடனே வடை பாயசத்தோடு சோறு வண்டியேறி வருகிறது. முதியவர்கள் வரிசையாய் உட்கார வைக்கப்படுகிறார்கள். போட்டோ எடுத்தாகிறது. வந்தவர்களைக் கைதூக்கி வாழ்த்தவும் வேண்டியிருக்கிறது. போட்டவருக்கு மோட்சத்தில் இடம் கிடைக்கிறதோ என்னமோ, சாப்பிட்டவருக்கு மத்தியானம் 2 மணிக்கு மேல் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைப்பதில்லை. புண்ணியம் தேடுகிறவனுக்கு ஏழை ஒரு ஏணி. ஏறியான பின் ஏணிக்கு என்ன வேலை?

சட்டம்கூட நம்மைவிடச் சற்று முன்னே போயிருக்கிறது. 2007-ம் வருஷத்திய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு, ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும்படியான இல்லம் ஜில்லாவுக்கு ஒன்றாவது ஏற்படுத்த வழி செய்கிறது. அதே பிரிவு வைத்திய வசதியோடு, பொழுதுபோக்குச் சாதனங்களையும் சேர்த்தே சொல்லுகிறது. ஆனால் நாம் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் செய்துகொண்டோம்? சுவரில் ஒரு டி.வி. பெட்டி. அதில் எதைப் பார்ப்பது என்பதுகூடச் சிப்பந்தியின் இஷ்டம்!

அமெரிக்காவில் 1976-ல் எல்லென் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் ஒரு இல்லத்தில் பரீட்சை செய்து பார்த்தார்கள். ஒரு பகுதியாரிடம், "உங்கள் காரியங்களை நீங்களே தீர்மானியுங்கள்" என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தாங்களே வளர்க்கக் கொடுத்து, சினிமா பார்க்கும் நாளையும் அவர்களே தெரிந்தெடுக்கச் செய்தார்கள். மற்றப் பகுதியாருக்கும் செடியும் சினிமாவும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் சிப்பந்திகளே பார்த்துக்கொண்டார்கள். முதல் பகுதியார் அதிகச் சந்தோஷமாயும் சுறுசுறுப்பாயும் ஆனார்கள். பரீட்சைக்குட்பட்டவர்கள் நூறு பேருக்கும் குறைவுதான். ஆகையால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் அதிலுள்ள புத்தியைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் செடி ஒன்றே. வித்தியாசம், தண்ணீர் ஊற்றுகிற கை யாருடையது என்பதுதான்.

இனி நம் காஞ்சிபுரத்துக்கு வருவோம். வெளியே அழைத்துப் போவதென்றால் இங்கே உடனே கோவில் என்பார்கள். போக விரும்புகிறவர்கள் போகட்டும். நாம் குறுக்கே நிற்கப் போவதில்லை. வயதாகிவிட்டால் வேறு போக்கிடமே கிடையாது என்று மற்றவர்கள் தீர்மானிப்பதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம். நாற்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவரைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு நெய்கிறவன் கோர்வை போடுவதைப் பார்க்க வேண்டும், உடலும் கரையும் சேருமிடத்தை விரலால் தடவிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும் என்பதே அவர் ஆசையாயிருக்கலாம். அவரைப் பட்டுத்தறிக்கு அழைத்துப் போனால் அவர் வேடிக்கை பார்க்கிறவரல்லர், வாத்தியார். இன்னொரு அம்மாள் அண்ணா பிறந்த ஊரில் இருந்துகொண்டே அவர் வாழ்ந்த வீட்டைப் பார்த்திராதவராய் இருக்கலாம். வேறொருவருக்கு வேடந்தாங்கல் பறவைகளைப் பார்க்க ஆசையிருக்கலாம். ஒருவருக்கோ ஓட்டலில் காப்பி குடித்துத் தம் கையால் காசு கொடுத்தால் போதும். கேட்டாலல்லவா தெரியும்!

எப்படிக் கேட்பது? நம் ஜில்லாவிலேயே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து 921-ம் வருஷக் கல்வெட்டில் குடவோலை முறை வெட்டப்பட்டிருப்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்த முறை பார்ப்பனச் சபைக்குரியது. சொந்த நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவன் பெயர் ஓலையில் ஏறாது. 35 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் இடமில்லை. நாம் அந்தக் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனைகளைத் தள்ளிவிடுவோம். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரும் தாம் போக விரும்புமிடத்தைச் சீட்டில் எழுதிப் போடட்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, மற்றவர் எழுதட்டும். அதிகம் பேர் கேட்ட இடம் இந்த மாதம்; மற்றவை அடுத்தடுத்த மாதம். போக மனமில்லாதவரை இழுத்துப் போகவும் கூடாது.

பத்துப் பேருக்கு மேல் ஒரு வண்டியில் ஏற்ற வேண்டாம். வெயிலேறுமுன் புறப்பட்டு உச்சிக்குள் திரும்ப வேண்டும். போகுமிடத்தில் கக்கூசும் உட்கார நிழலும் உண்டா, படி எத்தனை என்று முதல் நாளே ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டும். சக்கர நாற்காலி ஒன்றுக்கு ஆள் ஒருவர் வேண்டும். வேளை மருந்தும் தண்ணீரும் கூடவே வர வேண்டும். படுக்கையிலிருப்பவரை விட்டுவிடக் கூடாது; அவரிடம் ஊரைக் கொண்டு போக வேண்டும். பத்திரிகை படித்துக் காட்டலாம். தார் சுற்றும் ராட்டையைப் பக்கத்தில் வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து அவருடைய கதையைக் கேட்டு எழுதச் சொல்லலாம்.

இதற்கெல்லாம் பணமேது, ஆளேது என்பார்கள். 2019-ல் அத்திவரதருக்காக 48 நாள், லட்சக்கணக்கான ஜனங்களுக்குப் பந்தலும் தனி பஸ்ஸும் வைத்திய முகாமும் ஏற்பாடு செய்த ஊர் இது. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வருகிற மரச் சிலைக்கு அவ்வளவு செய்ய முடிந்தவர்களுக்கு, மாதத்துக்கு ஒருமுறை வெளியே வர விரும்புகிற மனிதர் பத்துப் பேருக்கு ஒரு வேன் பிடிக்க முடியாதா?

தோழர்களே! கைதட்டிக் கலைவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சமீபத்திலுள்ள இல்லத்துக்குப் போங்கள். சோற்றுப் பொட்டலம் வேண்டாம், போட்டோ வேண்டாம். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, எங்கே போய்வர உங்களுக்கு ஆசை?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. அவரை அப்படிக் கேட்டு வெகுகாலமாகியிருக்கும். காத்திருந்து கேளுங்கள்.