மருந்து வேறு, கதை வேறு

(குருவிகுளம் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



மூலிகை வைத்தியத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று கூட்டத்தார் கேட்டுக் கொண்டார்கள். நான் வைத்தியனல்லன். ஆனால் மருந்தின் பேரால் சொல்லப்படும் கதைகளைச் சோதித்துப் பார்க்க வைத்தியப் பட்டம் தேவையில்லை. சொந்தப் புத்தி இருந்தால் போதும்.

பழைய திருநெல்வேலி ஜில்லாவில் விளையும் நிலவாகையை நீங்கள் அறிவீர்கள். நிலாவாரை என்றும் சொல்வதுண்டு. தூத்துக்குடியிலிருந்து நெடுங்காலமாக மேல்நாட்டுக்குக் கப்பலேறிய சரக்கு அது. உலகச் சந்தையில் அதற்குப் பெயரே ‘தின்னவேலி சென்னா’ என்பதாகும். இங்கும் பேதிக்கு அதுதான்; அங்கும் பேதிக்கு அதுதான். ஆனால் அது ஏன் வேலை செய்கின்றது என்று கேட்டால், அங்கே ஒரு கதை, இங்கே ஒரு கதை!

மேல்நாட்டுக் கதையைக் கேளுங்கள். கிரேக்க தேசத்து ஹிப்பாக்ரடீஸ் பேரால் வழங்கும் நூல்களும், ரோமாபுரியில் 2-ம் நூற்றாண்டில் வைத்தியம் செய்த காலன் என்பவரும் சொன்னதாவது: உடம்பில் இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்கள் உண்டு என்றும், அவை ஏறினாலும் குறைந்தாலும் நோய் என்றும், மூலிகைகளுக்குச் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற குணங்கள் உண்டு என்றும், சூட்டு நோய்க்குக் குளிர்ந்த மூலிகை என்றும், மிஞ்சிய நீரைப் பேதியாலும் வாந்தியாலும் இரத்தம் எடுப்பதாலும் வெளியேற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். நமது வாதம், பித்தம், கபம் என்னும் கதைக்கு இது பங்காளியல்லவா? நம் வைத்தியத்தைச் சிவன் பார்வதிக்கும் நந்திக்கும் சொன்னார் என்கின்றார்களே, கிரேக்கனுக்குச் சொன்னது யார்?

இன்னொரு கூட்டத்தார், கடவுள் மூலிகைகளில் அடையாளம் போட்டு வைத்திருக்கின்றார் என்றார்கள். நுரையீரலைப் போலப் புள்ளியுள்ள இலை நுரையீரலுக்கும், மூளையைப் போன்ற அக்ரோட்டுப் பருப்பு தலைக்கும் மருந்தாம்! அப்படியானால் உயிரை வாங்கும் அரளிக்கு அத்தனை அழகான பூவை அவர் ஏன் வைத்தார்?

இலண்டனில் நிக்கோலஸ் கல்பெப்பர் என்பவர், டாக்டர்கள் லத்தீனில் பூட்டி வைத்திருந்த மருந்து நூலை 1649-ல் ஏழைகளுக்கும் விளங்கும் இங்கிலீஷில் பெயர்த்தார். வைத்திய சங்கத்தார் சீறினார்கள். சமஸ்கிருதத்தையும் பரிபாஷையையும் காட்டி மிரட்டப்பட்ட நமக்கு இது புதிய சங்கதியா? அந்தத் துணிச்சலை மெச்ச வேண்டியதுதான். ஆனால் அவரே 1652-ல் எழுதிய நூலில், ஒவ்வொரு மூலிகையையும் ஒவ்வொரு கிரகம் ஆளுகின்றது என்றார்! நம்மவர்களோ சாபம் நீக்கி, காப்புக் கட்டி, மந்திரம் சொல்லித்தான் மூலிகையைப் பிடுங்க வேண்டும் என்கின்றார்கள்.

கதையால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் 1799-ல் தொண்டை நோயால் மூச்சுத் திணறியபோது, கெட்ட நீரைப் போக்குவதாக ஒரே நாளில் பலமுறை இரத்தம் எடுத்தார்கள். அன்றிரவே அவர் இறந்தார். நமது வீடுகளில் பிள்ளை வயிற்றுவலி என்று துடித்தால், “பித்தம் ஏறியிருக்கிறது, பேதிக்குக் கொடு” என்கின்றார்கள். அது குடல்வால் வீக்கமாக இருந்தால் பேதி மருந்தினால் குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், “அழுக்குப் போகட்டும்” என்று தண்ணீரையும் நிறுத்துகின்றார்கள். குழந்தை நீர் வற்றிச் சாகின்றது. பழி தலைவிதியின் மேல் விழுகின்றது!

சோதனை என்பது எப்படியிருக்கும்? இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற டாக்டர், உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஒரு கிழவி இரகசியமாய் வைத்திருந்த கஷாயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். அதில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள். வேலை செய்வது டிஜிட்டாலிஸ் என்னும் ஒரே செடி என்று கண்டு, பத்து வருஷம் நோயாளிகளுக்குக் கொடுத்து, அளவு மிஞ்சினால் விஷம் என்பதையும் அறிந்து, 1785-ல் புத்தகம் வெளியிட்டார். பலித்ததை மட்டுமல்ல, பலிக்காததையும் எழுதினார்! நம் ஊர் வைத்தியர் எவராவது பலிக்காத கணக்கை எழுதி வைத்ததுண்டா?

நிலவாகையும் சோதனைக்குத் தப்பவில்லை. அதிலுள்ள சென்னோசைடு என்ற சத்தை 1941-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகளால் மாறுதலடைந்து, குடலை அசைக்கின்றது. இரவில் சாப்பிட்டால் காலையில் போவது அதனால்தான். இதில் கரும்பித்தத்துக்கோ கிரகத்துக்கோ என்ன வேலை?

ஆகவே தோழர்களே! மூலிகையைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழ் வைத்தியரானாலும், இங்கிலீஷ் டாக்டரானாலும், இது என்ன மருந்து, எவ்வளவு அளவு, எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று கேளுங்கள். முன்னோர் சொன்னார் என்று பதில் வந்தால், அதை மருந்தாகக் கொள்ளாதீர்கள். பிள்ளைக்கு வயிற்றுவலி கடுமையானால் பேதிக்குக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இதை இன்றிரவே உங்கள் வீட்டுப் பெண்களிடமும் சொல்லுங்கள்.