கட்டடம் மூடியது, பள்ளி மூடவில்லை



1977 சனவரியில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் கடுங்குளிர். சின்சினாட்டி நகரில் ஓஹியோ ஆறே உறைந்துபோனது. கட்டடங்களைச் சூடேற்றும் இயற்கை எரிவாயுவுக்குக் கடும் தட்டுப்பாடு. இருந்த எரிவாயு முதலில் வீடுகளுக்குப் போயாக வேண்டும். எனவே மாநிலத் தலைநகர் கொலம்பஸின் பள்ளி நிர்வாகம் பிப்ரவரியில் பெரும்பாலான பள்ளிக் கட்டடங்களை மூடியது.

ஆனால் படிப்பை நிறுத்தவில்லை. ‘பள்ளிகள் இல்லாத பள்ளி’ என்றொரு திட்டம் வகுத்தது. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பாடங்கள், நாளிதழ்களில் பயிற்சிகள். எரிவாயு இல்லாமல் வேறு வழியில் சூடேறும் கட்டடங்கள் சில இருந்தன. அவற்றைப் பல பள்ளிகள் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. வாரத்தில் ஒருநாள் மாணவர்கள் அங்கே வந்து ஆசிரியரைச் சந்தித்தார்கள்.

என் மனம் நிற்பது அந்த ஒருநாளில்தான். 2020இல் நம் பள்ளிகள் மூடியிருந்தபோது கல்வித் தொலைக்காட்சியில் பாடம் பார்த்த என் மாணவி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள்: “பாடம் பாத்தேன் டீச்சர். புரியலைன்னா டிவிகிட்ட கேக்க முடியுமா?” எனக்குப் பதில் வரவில்லை.

தொற்றுக் காலத்தில் நேரில் கூடுவது ஆபத்து. மழை வெள்ளத்தில் அப்படியில்லை. நம் பள்ளிக்குள் தண்ணீர் புகுந்தால், மேடான இடத்தில் எந்தக் கட்டடம் கிடைக்கும், எந்த வகுப்பு எந்த நாளில் வரும் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி இப்போதே எழுதிவைப்போம். பாடத்தை அனுப்பிவிடலாம், ஆசிரியரை அனுப்ப முடியாது, நாம்தான் போக வேண்டும்.