வீட்டு இணையத்தின் வாயிற்காவல்: பெற்றோரும் இளையோரும் அறியவேண்டியவை

(பெற்றோருக்கும் இளையோருக்குமான உரையின் எழுத்து வடிவம்)



2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் குடிசனக் கணக்கெடுப்பு இரவு. வீட்டில் பேசும் மொழி எது என்ற கேள்விக்குத் தமிழ் என்று பதிவதன் அவசியத்தைச் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நன்கறியும். மொழிபெயர்ப்புச் சேவை முதல் மொழிக்கல்வி வரை பலவற்றிற்கும் அந்த எண்ணிக்கையே சான்று. ஆனால் அன்றிரவு ஏழரை மணியளவில் கணக்கெடுப்பு இணையத்தளம் முடங்கியது. மீண்டும் திறக்கப்பட ஏறக்குறைய 40 மணிநேரம் ஆயிற்று.

இது பெருந்தாக்குதலின் விளைவன்று. பிரதமரின் இணையப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த அலஸ்டயர் மக்கிப்பன் அதே ஆண்டில் அளித்த அறிக்கை, வந்தவை சிறிய, முன்னரே எதிர்பார்த்திருக்கக்கூடிய தாக்குதல்கள் என்றே கூறியது. தரவு எதுவும் களவுபோகவில்லை. காவல் தவறிய இடங்கள் இரண்டு. தளத்தை இயக்கிய ஐபிஎம் நிறுவனம், வெளிநாட்டிலிருந்து வரும் தரவுப் பொதிகளைத் தடுக்க 'ஐலண்ட் அவுஸ்திரேலியா' என்னும் ஏற்பாட்டைத் திட்டமிட்டிருந்தது. எனினும் சிங்கப்பூர் வழியான ஓர் இணைப்பு மூடப்படாமல் விடப்பட்டிருந்தது. அடுத்து, ஒரு ரவுட்டரை நிறுத்தி மீள இயக்கியபோது அது தன் அமைப்புகளுடன் எழவில்லை. மின்னை நிறுத்தி முன்கூட்டியே சோதித்திருந்தால் அக்குறை தெரிந்திருக்கும் என்பது பின்னர் செனட் விசாரணையில் வெளிப்பட்டது.

ஒரு நாட்டின் கணக்கெடுப்புக்கு நேர்ந்தது ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்தும். எல்லா வாயில்களையும் எண்ணாமல் இடப்படும் தடையும், சோதிக்கப்படாத தடையும் காவலாகா.

ரவுட்டர் எனப்படும் வழிப்படுத்தி, வீட்டையும் இணையத்தையும் பிரிக்கும் படலை போன்றது. இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொதியின் தலைப்பிலும் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது, எந்த வாயில் எண்ணை நாடுகிறது என்பன எழுதப்பட்டிருக்கும். வழிப்படுத்தி இவற்றைப் படித்து, விதிப்படி விடுகிறது அல்லது மறிக்கிறது. இதுவே பொதி வடிகட்டல். வீட்டிலிருந்து கேட்கப்பட்டவற்றின் பதிலை மட்டும் உள்ளே விட்டு, கேளாமல் வருபவற்றை மறிப்பதே அடிப்படை விதி.

முதலாவதாக, வழிப்படுத்தியின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொற்கள் சில பத்தை மட்டும் முயன்று, இலட்சக்கணக்கான வீட்டுக் கமெராக்களையும் வழிப்படுத்திகளையும் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டே அவ்வாண்டு ஒக்டோபரில் டைன் நிறுவனம் தாக்கப்பட்டது. ருவிட்டர், நெற்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் எட்டாமற்போயின. உரிமையாளர்களிற் பலர் தமது கருவி அத்தாக்குதலில் பங்கேற்றதை அறிந்திருக்கவே மாட்டார்கள்.

இரண்டாவதாக, வெளியிலிருந்து வழிப்படுத்தியை நிர்வகிக்கும் வசதியை நிறுத்திவைத்தல் வேண்டும். விளையாட்டுகளுக்கெனத் திறந்துவிட்ட வாயில்கள் தேவை முடிந்தபின் மூடப்படவேண்டும். நிறுவனம் வெளியிடும் மென்பொருள் மேம்படுத்தல்களை ஏற்கவேண்டும். மேம்படுத்தல் நின்றுபோன பழைய கருவியை மாற்றுவதே நன்று. தொலைக்காட்சி, கமெரா போன்றவற்றை விருந்தினர் வலையமைப்பில் தனியே வைத்தால், தாத்தா பாட்டியின் வங்கிக்கணக்கு திறக்கப்படும் கணினியிலிருந்து அவை விலகி நிற்கும்.

மூன்றாவதாக, பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடும் தளத்தடையும். இங்கேதான் மூடப்படாத சிங்கப்பூர் இணைப்பு நினைவுக்கு வரவேண்டும். பழைய முகவரி முறையான ஐபிவி4க்கு மட்டும் விதி எழுதி, புதிய முறையான ஐபிவி6ஐ மறந்தால் தடையின் ஒரு பாதி திறந்தே கிடக்கும். கருவியின் அடையாள எண்ணை வைத்து நேரம் குறித்தால், இன்றைய கைத்தொலைபேசிகள் அந்த எண்ணையே மாற்றிக்கொள்ள வல்லவை. தளப்பெயர்த் தடையை, மறைகுறியாக்கிய பெயர்த்தேடல் கடந்துவிடும். வழிப்படுத்தியில் எதை எழுதினாலும், கைத்தொலைபேசியின் சொந்தத் தரவு இணைப்பு அதன் வழியாக வருவதேயில்லை.

இதற்கு மெல்பேர்ணிலேயே சான்று உண்டு. 2007 ஓகஸ்டில் அவுஸ்திரேலிய அரசு 84 மில்லியன் டொலர் திட்டத்தின்கீழ், வீட்டுக் கணினிகளுக்கான வடிகட்டி மென்பொருளை இலவசமாக வழங்கியது. மெல்பேர்ணைச் சேர்ந்த 16 வயது மாணவர் ஒருவர் அரைமணி நேரத்தில் அதைக் கடந்து காட்டினார். வடிகட்டியின் அடையாளப் படம் திரையில் அப்படியே இருந்தது. பெற்றோர் பார்த்தால் அது இயங்குவதாகவே எண்ணியிருப்பர்.

இதனால் தடைகள் வீண் என்று கொள்ளலாகாது. சிறுபிள்ளை தற்செயலாக வழிதவறுவதையும், வெளியார் ஊடுருவுவதையும் அவை பெரிதும் தடுக்கும். துணிந்த பதின்ம வயதினரை அவை தடுக்கமாட்டா. அங்கே பேச்சும் நம்பிக்கையுமே வழி. பல வீடுகளில் ஆங்கிலமும் தொழில்நுட்பமும் பிள்ளையின் கையில், பொறுப்பு பெற்றோரின் கையில். பிள்ளைக்குத் தெரியாமல் விதி எழுதும் வீட்டில் விதியை உடைப்பதே விளையாட்டாகிவிடும்.

ஆகவே, விதிகளைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து, காரணம் சொல்லி எழுதுதல் நலம். எழுதியபின் அமைப்புகளைச் சேமித்து, மின்னை நிறுத்தி, வழிப்படுத்தியை மீள இயக்கிப் பார்க்கவேண்டும். பின்னர் தடுத்த தளம் ஒவ்வொரு கருவியிலும் தடுக்கப்படுகிறதா என்று சோதிக்கவேண்டும். அச்சோதனையை இளையோரிடமே ஒப்படைக்கலாம். கண்டறிந்த ஓட்டையைப் பெற்றோரிடம் சொல்லும் பிள்ளையைக் கண்டிக்காமல் பாராட்டுவதே முறை.

2016 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவோராக 73 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பதிவாயினர். 2021இல் அத்தொகை 95 ஆயிரத்தைத் தாண்டியது. இத்தனை பேரின் வீடுகளிலும் ஊருக்கான அழைப்பு, பிள்ளையின் பாடம், குடும்பத்தின் சேமிப்பு ஆகிய அனைத்தும் அந்தச் சிறு பெட்டியின் வழியாகவே செல்கின்றன. இவ்வார இறுதியில் ஒருமணி நேரத்தை அதற்கென ஒதுக்குவது ஒவ்வொரு குடும்பத்தினதும் கடமையாகும்.