இசையாசிரியர்க்கும் கல்வி வேண்டும்



ஆண்டுதோறும் இவ்விழா மேடையில் நம் குழந்தைகள் பாடுகின்றனர். நாம் கேட்டு மகிழ்கின்றோம். அவர்களுக்குக் கற்பிக்கும் இசையாசிரியர் தம் கல்வியை எங்ஙனம் வளர்த்துக் கொள்கின்றார் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அதனைக் குறித்தே சில சொல்ல விரும்புகின்றோம்.

பாட வல்லவர் எல்லாரும் பாடக் கற்பிக்க வல்லவர் ஆகார். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிவர். 1928-இல் தோன்றிய சென்னைச் சங்கீத வித்வத் சபை, 1931-இல் இசையாசிரியர்க்கெனவே ஒரு கல்லூரியைத் தொடங்கிற்று. டைகர் வரதாச்சாரியார் அதன் முதல்வராக அமர்ந்தார். பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி மாணவர்க்கேற்ற இசைப் பாடநூல்களை எழுதி உதவினார். ஒரு சீடனை எதிரே இருத்திப் பல்லாண்டு பயிற்றும் குருகுல முறை வேறு. நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு வகுப்பு முழுமைக்கும் பயிற்றும் முறை வேறு.

மேல்நிலை வகுப்புகளில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் கர்நாடக இசையை விருப்பப் பாடமாக வைத்துள்ளது. 100 மதிப்பெண்களில் செய்முறைக்கு 70. எழுத்துத் தேர்வுக்கு 30. மாணவர் பாடியும் காட்டல் வேண்டும். இலக்கணத்தை எழுதியும் காட்டல் வேண்டும்.

இங்கே ஆசிரியர் எதிர்ப்படும் இடர்களைப் பாருங்கள். பதினாறு வயது மாணவனின் குரல் உடைந்து தடித்து அண்மையில்தான் நிலைத்திருக்கும். அவனுக்கு ஒரு கட்டைச் சுருதி பொருந்தினால், அருகிலிருக்கும் மாணவிக்கு ஐந்து கட்டை வேண்டியிருக்கும். இருவரையும் ஒரே சுருதியில் பாட வைத்தால் ஒருவர் தொண்டை நோகும். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு சாரார் பாடுங்கால் மற்றவரைத் தாளம் போட்டுக் கவனிக்கச் செய்வது பழகிப் பெற வேண்டிய திறமையாகும்.

மதிப்பெண் இடுவதும் எளிதன்று. கீர்த்தனையில் பிழை கண்டு சொல்லிவிடலாம். மாணவர் தாமே பாடும் ஆலாபனைக்கும் கற்பனைச் சுரத்திற்கும் அளவுகோல் யாது? ஆசிரியர் பலர் கூடியிருந்து, ஒரே பாட்டைக் கேட்டு, தாம் இட்ட மதிப்பெண்ணுக்குக் காரணம் கூறி விவாதித்தாலன்றி நடுநிலை பிறவாது.

வடபுலத்தில் வாழும் நமக்கு மற்றொரு தேவையும் உண்டு. நம் குழந்தைகளின் தோழர் இந்துஸ்தானி இசை பயில்வோர். மோகனத்திற்குப் பூபாலியும், இந்தோளத்திற்கு மால்கௌன்ஸும், கல்யாணிக்கு யமனும் ஒப்பானவை எனப் பாடிக் காட்டும் ஆசிரியர், இரு மரபுக்கும் பாலமாவார்.

2020-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமேனும் தொழில் வளர்ச்சிப் பயிற்சி பெறல் வேண்டும் என்கிறது. நன்று. ஆனால் கணித ஆசிரியர்க்கு ஐயம் எழுந்தால் பக்கத்து வகுப்பில் மற்றொரு கணித ஆசிரியர் இருப்பார். இசையாசிரியரோ பெரும்பாலும் தம் பள்ளியில் தனியர். பொதுப் பயிற்சிகளில் அவர் பாடத்திற்கென ஒரு மணி நேரம் கிடைப்பதும் அரிது. ஆசிரியர் தளர்ந்தால் மாணவர் குறைவர். மாணவர் குறைந்தால் பாடமே பள்ளியை விட்டு நீங்கும். நீங்கியதை மீட்டல் எளிதோ?

நம்மால் ஆவது ஒன்றுண்டு. சங்கங்கள் கச்சேரிக்கு வித்வான்களை வரவழைக்கின்றன. மங்களம் பாடி முடித்த மறுநாளே அவர்கள் ஊர் திரும்புகின்றனர். அவர்களை இன்னும் ஒரு நாள் இருத்தி, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் இசையாசிரியர்களை ஒன்று கூட்டினால் என்ன? காலையில் வித்வானிடம் பாடம்; மாலையில் ஆசிரியர் தமக்குள் கலந்துரையாடல். இதற்கு ஆகும் செலவு, ஒரு வேளை விருந்தும் ஒரு நாள் தங்கும் இடமுமே. பெற்றோர் தம் பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லி, அந்நாளைப் பணி நாளாகக் கருதுமாறு வேண்டலாம்.

ஊற்று வற்றாதிருந்தால்தான் ஓடையில் நீர் ஓடும். நம் மக்கள் கற்க வேண்டுமாயின், அவர்தம் ஆசிரியரும் கற்றுக்கொண்டே இருத்தல் வேண்டும். அதற்குத் துணை நிற்பது நம் கடன்.