மூட்டு வலி மாத்திரையும் ஐந்து கேள்விகளும்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து, மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். முழங்கால் வலியில் மட்டும் நல்ல அனுபவம் உண்டு. இங்கே பலருக்கும் இருக்கும்!

என் அண்ணா ஹிருதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக்கையும் சீட்டில்லாமல் வாங்கி மூன்று வாரம் சாப்பிட்டார். ஏகாதசி உபவாசத்தன்றும் விடவில்லை. ஒரு நாள் மலம் தார் போலக் கறுத்தது. தலை சுற்றி விழுந்தார். வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு. ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தார். கடையில் அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் இப்படி? இம்மருந்துகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று 1971-ல் கண்டறிந்தவர் ஜான் வேன். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். வலிக்குத் துணைபோகும் அப்பொருள்தான் இரைப்பையின் உட்சுவரையும், சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தையும் காக்கிறது. ஆகவே சாப்பிட்ட பின் போட்டுக்கொண்டால் எரிச்சல் குறையலாம். ஆபத்து முழுதும் போகாது. ஊசியாகப் போட்டாலும் அப்படியே.

சென்ற வருஷம் அதே மாத்திரை கேட்டு நான் வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்த இளம் ஃபார்மசிஸ்ட் பெண் கேட்டாள்: "அங்கிள், சீட்டு இருக்கிறதா? அல்சர் வந்ததுண்டா? கிட்னி, ஹார்ட் எப்படி? பி.பி. உண்டா? வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?"

என் பி.பி. மாத்திரை டெல்மிசார்ட்டனும், நீர் பிரியும் மருந்தும் சேர்ந்தது. "இவற்றோடு இதுவும் சேர்ந்தால் கிட்னி கெடலாம். டாக்டரைக் கேட்டு வாருங்கள்" என்று தர மறுத்துவிட்டாள். கோபத்தோடுதான் திரும்பினேன். டாக்டரோ அவள் சொன்னதே சரி என்று, அளவோடு பாராசிட்டமாலும் மேலே தடவ ஜெல்லும் எழுதினார். மறுநாள் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அண்ணா போன கடையிலும் இப்படி ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா?

மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்று 2015-ன் விதிமுறைகளே கூறுகின்றன. அவர் கேட்காவிட்டால் நாம் கேட்போம்:

சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் சட்டைப்பையில் வையுங்கள். வெவ்வேறு பெயரில் இரண்டு வலி மாத்திரைகளைச் சேர்க்காதீர்கள். குறைந்த அளவு, குறைந்த நாட்கள். வயிற்றைக் காக்கும் மாத்திரை தந்தால், அது ஆகாரத்துக்கு முன். மலம் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி கேட்கும் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள். அவர் நம் ஆயுளுக்காகக் கேட்கிறார்.